ஜனவரி ஏழு, புதன்கிழமை

சேசு மரி சூசை

ஆரணி
6-11-1983

மருமகள் லீலாவுக்கு,

முதலில் ஒன்றைத் திருத்திவிட வேண்டும். நலம் விசாரிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

கல்லறைத் திருநாளுக்கு உன் அக்கா சகாயமேரி வெம்பாக்கத்திலிருந்து வந்திருந்தாள். மாலையில் பஸ் நிலையத்தில், நான் இரண்டடி பின்னால் நிற்பது தெரியாமல், பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க லீலா இன்னேரம் இன்ஜினீயரா இருந்திருப்பா. அந்தப் போஸ்ட்மாஸ்டர் வூட்டு அம்மாதான் பரீட்ச எழுதவுடாம ஜல்தியா கண்ணாலத்த முடிச்சி இட்டுகினு போயிட்டாங்க."

பிறகு திரும்பினாள். என்னைப் பார்த்தாள். "வாங்கம்மா, நீங்களும் பஸ்ஸுக்கா?" என்றாள்.

"இல்லை. நீ சொன்னதில் பிழை இருக்கிறது, அதைச் சொல்ல நின்றேன்" என்றேன். அதற்குள் செய்யாறு பஸ் வந்துவிட்டது. அவள் ஏறிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே உனக்கு எழுதுகிறேன். நான் யார் படிப்பையும் நிறுத்தவில்லை. 1975இல் திருவருகைக் காலம் நவம்பர் 30 அன்று தொடங்கியது. கிறிஸ்துமஸ் வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்கு முன்னால் நமக்கு வாய்த்த நாள் நவம்பர் 19. உன் அப்பா சம்மதித்தார். சென்னைப் பாலிடெக்னிக்கில் உன் தேர்வு அதே வாரத்தில் வந்து விழுந்தது யார் குற்றமும் அல்ல. இதை உன் அக்காவுக்கு நீயே ஒரு கடிதத்தில் தெளிவாக எழுதிவிடு.

இரண்டாவது. என் மகன் கிருபாகரன் அங்கிருந்து ஆகஸ்டில் எழுதிய நான்கு வரியில், நீ ஏதோ ஒரு கம்யூனிட்டி காலேஜிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறி இன்ஜினீயரிங் படிக்கப்போவதாக இருக்கிறது. வேலூர் கான்வென்டில் பத்து வருஷம் படித்தவள் நான். இப்படி ஒரு கல்லூரியைக் கேள்விப்பட்டதில்லை. அதில் யாரைச் சேர்க்கிறார்கள்? சான்றிதழ் தருகிறார்களா? நடுவில் மாறினால் படித்தது வீணாகாதா? முறையாக எழுது.

எனக்கு முழங்கால் வலி உண்டு, வேறு குறை இல்லை. மழையில் எதிர் வீட்டுத் தறிக்குழியில் தண்ணீர் ஊறி மூன்று நாளாகத் தறிச் சத்தம் நின்றிருக்கிறது. தெரு காலியானதுபோல் இருக்கிறது. உங்கள் இருவர் உடம்பும் எப்படி இருக்கிறது? கல்யாணமாகி எட்டு வருஷம் ஆயிற்றே என்று கேட்பவர்களிடம், அது தபாலில் விசாரிக்கும் விஷயம் அல்ல என்று சொல்லிவிட்டேன். நானும் விசாரிக்கவில்லை.

ரோசம்மாள் சிங்கராயர்


சான் ஹோசே, கலிபோர்னியா
27-11-1983

அன்புள்ள அத்தை அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் இருபது நாளில் வந்து சேர்ந்தது. முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்தனுப்புகிறேன். நாங்கள் இருவரும் சுகம். அவருக்குக் கம்பெனியில் வேலை அதிகம், அதனால்தான் கடிதம் குறைவு.

அக்கா பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே கம்யூனிட்டி காலேஜ் என்பது ஊராருக்கான கல்லூரி. வயது கேட்க மாட்டார்கள். என் வகுப்பில் தச்சு வேலை செய்கிறவர் இருக்கிறார், பேரன் எடுத்த ஒரு சீன அம்மாள் இருக்கிறார். பகலில் நான் ஒரு தொழிற்சாலையில் மின்னணுப் பலகைகளில் ஈயப்பற்று வைக்கிறேன், மாலையில் வகுப்பு. கணிதம், இயற்பியல் எல்லாம் மூன்று வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடித்துவிட்டேன். இங்கே முடித்த பாடங்களைப் பல்கலைக்கழகம் அப்படியே ஏற்றுக்கொள்ளும். இடம் கிடைத்தால் நேராக மூன்றாம் ஆண்டு, மின் பொறியியல். படித்தது எதுவும் வீணாகாது.

போன வாரம்தான் விண்ணப்பம் அனுப்பினேன். இதுவரை படித்த இடங்கள் என்று ஒரு பகுதி இருந்தது. நம் ஊர்ப் பள்ளியையும் இந்தக் கல்லூரியையும் எழுதினேன். பல்கலைக்கழகம் எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்க்க, அவர்கள் அனுப்பிய புத்தகத்தையும் தனியாக அனுப்புகிறேன்.

முதல் வகுப்புக்குப் போன அன்று ஆசிரியர் கரும்பலகையில் ஒரு மின்சுற்றை வரைந்தார். அது எனக்குத் தெரிந்த சுற்று. ஐந்து வருஷம் கழித்தும் தெரிந்தது. வீட்டுக்கு வந்து இவரிடம் அதைச் சொல்லத் தெரியவில்லை. உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றும் தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

உங்கள் அன்பு மருமகள்,
லீலா


ஆரணி
2-1-1984

மருமகள் லீலாவுக்கு,

புது வருஷத்தில் உங்கள் இருவருக்கும் தேக சுகம் குறையாதிருக்கட்டும். புத்தகம் வந்தது. கட்டடங்கள் அழகு. புல்வெளியில் பெண்கள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு படிப்பது அழகில்லை.

நீ விண்ணப்பத்தோடு நன்னடத்தைச் சான்றிதழ் வைத்ததாக எழுதவில்லை. நம் ஊரில் அது இல்லாமல் எந்த வாசலும் திறக்காது. ஒரு பெரிய மனிதர், அல்லது உன் குடும்பத்தை அறிந்த ஒரு பொறுப்பான ஆள் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே உன்னைச் சிறு வயதிலிருந்து அறிந்தவர் யார் இருக்கிறார்கள்? அதனால் நானே ஆங்கிலத்தில் எழுதி, புத்தகத்தில் இருந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். காலஞ்சென்ற போஸ்ட்மாஸ்டர் சிங்கராயரின் மனைவி என்று கீழே போட்டேன். அவர் பெயருக்கு இந்த ஜில்லாவில் மதிப்பு உண்டு.

நீ அடக்கமானவள், கோயிலுக்குத் தவறாதவள் என்றும், சென்னையில் பெண்கள் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளமா இரண்டரை வருஷம் படித்து, இரண்டு வருஷமும் முதல் வகுப்பில் தேறியவள் என்றும், உன் குற்றம் எதுவும் இல்லாமல் இடையில் விட்டவள் என்றும் எழுதியிருக்கிறேன். ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

அதன் நகல் ஒன்றைச் சகாயமேரிக்கும் அனுப்பினேன். மருமகள் படிப்பை நிறுத்துகிறவள் இப்படி எழுதுவாளா என்று அவள் பார்த்துக்கொள்ளட்டும்.

பட்டு ஜவுளிக் கடை தனக்கோடியிடமும் சொன்னேன். "இந்த வயசுல காலேஜா? படிச்சிட்டு இன்னா பண்ணப்போகுதும்மா உங்க மருமக?" என்றார். "நீங்கள் புடவை விற்று என்ன பண்ணுகிறீர்களோ அதைத்தான்" என்றேன்.

மற்றவை பிறகு.

ரோசம்மாள் சிங்கராயர்


சான் ஹோசே
20-2-1984

அன்புள்ள அத்தை அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நலமா? நாங்கள் இருக்கிறோம்.

நீங்கள் நல்லதை நினைத்து எழுதினீர்கள். அது எனக்குத் தெரியும். இதைப் படிக்கும்போது அந்த வரியை மறக்காதீர்கள்.

பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. சென்னைப் பாலிடெக்னிக்கில் நான் படித்ததை விண்ணப்பத்தில் ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். உங்கள் சான்றிதழைப் பார்த்துத்தான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. படித்த இடம் எதையும் மறைத்தால் விண்ணப்பமே ரத்து என்று படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. நான் படிக்காமல் இல்லை. நம் ஊரில் டி.சி. வாங்கிக்கொண்டு விட்டுவிட்ட படிப்பு, படிக்காத படிப்புதானே. அதை யாரும் எங்கும் எழுத மாட்டார்கள். இங்கே அப்படி இல்லையாம். ஒரு வகுப்பில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தாலும் எழுத வேண்டுமாம்.

முழு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். வழக்கம் மட்டும் காரணம் அல்ல. அந்த வரியில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசித் தேர்வில் ஆறு தாளுக்கும் நேராக என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை இவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்றும் தெரியும்.

பாலிடெக்னிக்கிலிருந்து மதிப்பெண் பதிவை உறையில் வைத்து முத்திரையிட்டு நேராக இவர்களுக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். மே முதல் தேதிக்குள். நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கு அங்கிருந்து பதில் இல்லை. யாராவது ஒருவர் நேரில் போனால் நடக்கும். நீங்கள் அலைய வேண்டாம், தெரிந்தவர் யாரையாவது அனுப்பினால் போதும்.

இந்த இடம் போனால் அடுத்த வருஷம் மறுபடி கேட்கலாம் என்று இவர் சொல்கிறார். மறைத்தவள் என்று ஒரு முறை எழுதிவிட்டால் அடுத்த வருஷம் மட்டும் அழித்துவிடுவார்களா?

உங்கள் அன்பு மருமகள்,
லீலா


ஆரணி
17-3-1984

மருமகள் லீலாவுக்கு,

நானே போய் வந்தேன். தெரிந்தவர்களை அனுப்பினால் தெரியாததை எல்லாம் பேசிவிட்டு வருவார்கள். முதல் பஸ்ஸில் கிளம்பிப் பதினொரு மணிக்குப் பாலிடெக்னிக் அலுவலகத்தில் இருந்தேன். கால் வீங்கியது, இப்போது பரவாயில்லை.

குமாஸ்தா ஐம்பது வயதுக்காரர், மரியாதையானவர். நாற்காலி கொடுத்தார். தூசு தட்டிப் பதிவேட்டை எடுத்தார்.

"உங்க பொண்ணாம்மா?"

"மருமகள்."

"ரெண்டு வருஷமும் ஃபர்ஸ்ட் கிளாஸா வாங்கிகினு வந்திருக்குது பாருங்க. அப்பறம் இங்க பாருங்க, ஆறு பேப்பரும் ஆப்சென்ட்டு. பீஸ் கட்டி, ஹால் டிக்கெட்டும் வாங்கிகினு போயிருக்குது, பரீட்சைக்கு வர்ல. இன்னா ஆச்சு? அம்மை கிம்மை போட்டுகிச்சா?"

நான் ஆமாம் என்றேன்.

"அதான பார்த்தேன். இப்படிப் படிக்கிற பொண்ணு சும்மா வுடுமா? உங்க ஊர் டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிகினு வாங்க. பிரின்ஸ்பால் அம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவாங்க. அமெரிக்காக்காரன் அத்தப் பார்த்தா கம்முனு ஆயிடுவான்."

பதிவை அன்றே முத்திரையிட்டு, என் கண்முன்னே தபாலில் சேர்த்தார். அது உன் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு வந்துவிடும்.

அவர் கேட்டார், நான் ஆமாம் என்றேன், அவ்வளவுதான். திரும்பும்போது காஞ்சிபுரம் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். யோசித்துப் பார்த்தால் அது எல்லோருக்கும் சௌகரியமான காரணம். அம்மை யாருக்கும் வரும், யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. நம் டாக்டர் தேதி போட்டுத் தருவார், மறுக்க மாட்டார். கிருபாகரனும் அதையே சொல்வான் என்று நினைக்கிறேன். நீ சரி என்று எழுதினால் அடுத்த நாளே வாங்கி அனுப்புகிறேன்.

வெயில் தொடங்கிவிட்டது. மோர் குடிக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ரோசம்மாள் சிங்கராயர்


சான் ஹோசே
7-4-1984

அன்புள்ள அத்தை அவர்களுக்கு,

உங்கள் கால் வீக்கம் முழுவதும் வடிந்துவிட்டதா? இந்த வயதில் எனக்காகச் சென்னை வரை போனதற்கு நன்றி. பதிவு வந்து சேர்ந்துவிட்டது.

எனக்கு அம்மை போடவில்லை, அத்தை. எனக்குக் கல்யாணம் நடந்தது.

இதை எழுதிவிட்டு ஒரு வாரம் இந்தக் கடிதத்தை மூடி வைத்திருந்தேன். அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

அன்று மின்சுற்றுத் தாள். காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. பூசை தொடங்கும்போது மணி பத்து. இப்போது வினாத்தாள் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அவர் தாலி கட்டும்போது கோயில் கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொன்று. இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்று தோன்றியது. எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. குறை சொல்ல எழுதவில்லை. அம்மை என்று ஏன் என்னால் சொல்ல முடியாது என்பதற்காக எழுதுகிறேன். இங்கே ஒரு முறை மறைத்தவள் என்று பெயர் வாங்கிவிட்டேன். இரண்டாவது முறை பொய் சொல்லி உள்ளே போனால், அந்த வகுப்பில் உட்கார்ந்து என்னால் படிக்க முடியாது.

பல்கலைக்கழக அலுவலகத்தில் ஓர் அம்மாள் கூப்பிட்டுப் பேசினாள். ஆறு ஆப்சென்ட்டையும் ஆறு தோல்வியாகத்தான் கணக்கில் எடுப்பார்களாம். தேர்வு எழுதாததற்கும், அதை மறைத்ததற்கும் நான் விளக்கம் எழுதித் தர வேண்டுமாம், எழுதிவிட்டேன். அதோடு, நடந்ததை நேரில் அறிந்த ஒருவர் கையெழுத்திட்ட கடிதமும் வேண்டுமாம். ஜூன் 15 கடைசி நாள். அதற்குப் பிறகு இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

என் அப்பா இல்லை. அக்காவைக் கேட்டால் உடனே எழுதுவாள். உங்களைப் பற்றி என்ன எழுதுவாள் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. உங்களைக் கேட்கிறேன். இந்த ஒரு முறைதான் கேட்பேன்.

லீலா


சான் ஹோசே
8-5-1984

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். லீலாவின் கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. தபால் கிடைக்கவில்லையா, அல்லது கோபமா? வேலை விட்டு வந்ததும் அவள் முதலில் தபால் பெட்டியைத்தான் திறக்கிறாள். பிறகு சமைக்கப் போகிறாள். வீட்டில் பேச்சே இல்லை, பேஜாராக இருக்கிறது.

டாக்டர் சர்டிபிகேட் போதும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். நம் ஊரில் எல்லோரும் செய்வதுதானே. "அப்ப நம்ம கல்யாண போட்டோவ அம்மை ஆஸ்பத்திரின்னு சொல்லி மாட்டிக்கலாமா?" என்று கேட்டாள்.

அம்மா, அமெரிக்காவுக்குக் கிளம்பிய பிப்ரவரி 24 வரை நான் ஊரில்தான் இருந்தேன். கல்யாணத்தை ஜனவரியில் வைத்திருந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அப்போது அதை நான் சொல்லவில்லை. இப்போது சொல்லி என்ன பயன்?

19ஆம் தேதி சனிக்கிழமை தனக்கோடி கடைக்கு டிரங்க் கால் போடுகிறேன்.

கிருபாகரன்


ஆரணி
23-5-1984

லீலாவுக்கு,

கிருபாகரனின் டிரங்க் கால் வந்தது. ஜமுக்காளத்தில் உட்கார்ந்து புடவை பார்த்துக்கொண்டிருந்த பத்துப் பேர் முன்னால், "எழுதியாகிவிட்டது, வை" என்று சொன்னேன். அப்போது எழுதியிருக்கவில்லை. இப்போது எழுதி, எக்ஸ்பிரஸில் பதிவு செய்து, ரசீதையும் வாங்கிவிட்டேன். ஜூன் முதல் வாரத்தில் கிடைக்க வேண்டும். என் தாமதத்துக்குக் கோபம் காரணம் அல்ல.

உன் கடிதம் வந்ததும் நான் போனது பங்குக் கோயிலுக்கு. என் பக்கத்துக்குச் சான்று எடுக்கத்தான் போனேன். திருவருகைக் காலத்துக்கு முன்னால் வேறு நாள் இல்லை என்று, கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த பதிவேட்டில் இருக்கும், அதன் நகலை இணைத்து எழுதினால் யார் மேலும் பழி இல்லை என்று நினைத்தேன். இப்போதுள்ள பங்குச் சாமியார் இளைஞர். பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து விரித்தார். உங்கள் இருவர் பெயரையும் விரலால் தொட்டு, "மொதல்ல ஜனவரி ஏழு, புதன்கிழமைன்னு எழுதியிருக்குது. அதை அடிச்சிட்டு நவம்பர் பத்தொன்பதுன்னு போட்டிருக்காங்க. யாரும்மா மாத்தினது?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன். எட்டரை வருஷத்தில் முதல் முறை சொன்னேன்.

வீட்டுக்கு வந்தும் நான்கு வாரம் எழுதவில்லை. தினமும் காகிதத்தை எடுத்து வைத்தேன். தேதி போடுவேன். எழுந்துவிடுவேன். கத்திரி வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

அவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன். நீ சரிபார்.

'என் மகனுக்கும் லீலாவுக்கும் 1975 நவம்பர் 19 காலை பத்து மணிக்கு ஆரணியில் திருமணம் நடந்தது. அன்று அதே நேரத்தில் அவளுக்குச் சென்னையில் தேர்வு இருந்தது. அது எனக்குத் தெரியும். அவள் தந்தை தேர்வு முடியட்டும் என்று கேட்டார். பங்குக் குரு ஜனவரி 7ஆம் தேதியைக் குறித்தார். நான் மறுத்து நவம்பர் நாளைப் போடச் செய்தேன். மாப்பிள்ளை வீட்டார் சொல்லைப் பெண் வீட்டார் மீற முடியாது என்பது இங்கு வழக்கம். லீலா நோயுற்றிருக்கவில்லை. தேர்வுக்குத் தயாராக இருந்தாள். டி.சி. வாங்கக் கையெழுத்துப் போட்டது அவள் தந்தை. வாங்கச் சொன்னது நான். இடையில் விட்ட படிப்பை எங்கும் குறிப்பிடாமல் இருப்பதும் இங்கு வழக்கம். அவள் அதைச் செய்தது ஏமாற்றுவதற்காக அல்ல. பதிவேட்டின் நகல், குருவின் கையெழுத்தோடு, இத்துடன் இருக்கிறது.'

உன் அப்பா கேட்டதை நான் முன்பு எழுதவில்லை. சம்மதித்தார் என்று மட்டும் எழுதினேன். சம்மதித்தார் என்பது உண்மை. இந்த வாசலில் மேல்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ரெண்டே வாரந்தாம்மா, கொயந்த பரீட்ச எழுதிட்டு வந்துடட்டும்" என்று இரண்டு முறை கேட்டபிறகுதான் சம்மதித்தார்.

அவர்களுக்கு எழுதாத ஒன்று உண்டு. அது அவர்களுக்குத் தேவையில்லை, உனக்குத் தேவை. திருவருகைக் காலம் காரணம் அல்ல. நம் இரண்டு குடும்பத்திலும் ஆங்கிலப் பள்ளியில் படித்து முடித்த ஒரே பெண் நான். கலெக்டர் ஆபீஸ் கடிதத்தையும் என்னிடம்தான் கொண்டுவந்து படிக்கச் சொல்வார்கள். கையில் டிப்ளமாவோடு ஒரு மருமகள் இந்த வீட்டுக்குள் வருவதை நான் விரும்பவில்லை. அந்தத் தேர்வை எழுதியிருந்தால் மீதி ஆறு மாதத்தையும் கேட்டு வாங்கி நீ முடித்திருப்பாய். அதனால்தான் அந்த நாள். இதற்குப் பக்கத்தில் வைக்க என்னிடம் வேறு காரணம் இல்லை.

பாலிடெக்னிக் குமாஸ்தாவுக்கும் ஒரு கார்டு போட்டேன், அம்மை இல்லை, நான் சொன்னது தவறு என்று. பாவம், அவர் என்ன நினைத்தாரோ.

உடம்பு நலம்.

ரோசம்மாள்


சான் ஹோசே
12-7-1984

அத்தை அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் ஜூன் 6 அன்று அலுவலகத்துக்கு வந்தது. அவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆறு தாளையும் கணக்கில் எடுக்கப்போவதில்லை. மூன்றாம் ஆண்டில் இடம் உறுதியாகிவிட்டது. ஆகஸ்ட் 27 வகுப்பு தொடங்குகிறது. இங்கிருந்து நூறு மைல் என்பதால் வார நாட்களில் அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்குகிறேன். சனி, ஞாயிறு வருவேன். இவர் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். முதல் நாள் குழைந்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லீலா


ஆரணி
5-8-1984

லீலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இடம் கிடைத்ததற்குக் கோயிலில் ஒரு பூசை கேட்டேன். என்ன கருத்துக்கு என்று சாமியார் கேட்டார். மருமகள் மின் பொறியியலில் சேருகிறாள் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். அதை அப்படியே ஞாயிற்றுக்கிழமை சத்தமாக வாசித்தார்.

அன்று சகாயமேரியும் வந்திருந்தாள். பஸ் நிலையம் வரை அவளோடு நடந்தேன். கூட்டம் இருந்தது. அதே இடத்தில் நிறுத்தினேன்.

"போன வருஷம் இங்கே நின்று ஒன்று சொன்னாயே, அது சரி" என்றேன்.

"இன்னாம்மா சொன்னேன்?"

"லீலாவைப் பரீட்சை எழுதவிடாமல் அழைத்துக்கொண்டு போனது நான்தான் என்று."

"ஐயோ, அத்தப் போயி இன்னும் மனசுல வச்சிகினு இருக்கீங்களாம்மா? நான் எதோ வாய்க்கு வந்தத சும்மா சொல்லிட்டேன்…"

"சும்மா சொல்லவில்லை, சரியாகத்தான் சொன்னாய். ஒரு குறைதான். இனி யாரிடமாவது சொன்னால் தேதியையும் சேர்த்துச் சொல். ஜனவரி ஏழு இருந்தது, அந்த அம்மாதான் அடிக்கச் சொன்னாள் என்று சொல்."

அவள் அழுதுவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. வாழைப்பழம் வாங்கிக் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டேன்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். ஏழெட்டு முறை படித்தேன். 'உங்கள் அன்பு மருமகள்' என்று போடுவாய், ஏப்ரலிலிருந்து வெறும் லீலா. அது உன் விருப்பம். நானும் சிங்கராயர் பெயரை எடுத்துவிட்டேன், அந்தக் காரியத்தில் அவருக்குப் பங்கில்லை. ஜனவரி போதும் என்றுதான் அவரும் சொன்னார்.

என் கடிதத்தை அலுவலகம் ஏற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறாய். நீ ஏற்றுக்கொண்டாயா என்று எழுதவில்லை. அலுவலகத்துக்கு எழுதியது ஒரு பக்கம். உனக்கு எழுதியது நான்கு பக்கம். அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு சொல் இல்லை.

வகுப்பு தொடங்கினால் உனக்கு நேரம் இருக்காது. அவசரம் இல்லை, கிறிஸ்துமஸ் விடுமுறை வரை காத்திருக்கிறேன். ஆனால் தனக்கோடி கடைக்குப் போன் செய்யாதே. போனில் நீ "பரவாயில்லைங்க அத்தை" என்று சொல்லிவிடுவாய். நானும் சரி என்று வைத்துவிடுவேன். அது எனக்கு வேண்டாம்.

இல்லை என்றால் இல்லை என்று எழுது. ஆனால் உன் கையால் எழுதித் தபாலில் பதில் போடு.

ரோசம்மாள்